எல்லாம் படிச்சு முடிச்சவர், 25 வயசுல படிக்க ஆரம்பிச்ச கதை!

செஞ்சிக்கு டிரிப் போனா பெரும்பாலும் என்ன செய்றோம்? மூச்சு வாங்க ராஜகிரியில ஏறுறோம். கல்யாண மஹால் முன்னாடி நின்னு ஒரு ரீல்ஸ். ராஜா தேசிங்கு கதையை யாராவது சொன்னா கேட்டுக்கிறோம். கீழே இறங்கி ஒரு டீ குடிச்சிட்டு திண்டிவனம் பஸ் ஏறிடுறோம். 2025 ஜூலையில், மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. ஒருநாள் அதுக்கே பத்தாதுதான்.

ஆனால், நாம் பேசப்போவது கோட்டையைப் பற்றியல்ல. கோட்டைக்குச் சற்று வடக்கே, சிங்கவரம் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு சின்னக் குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவத்தைக் காட்ட, கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குன்றைத்தான் கைகாட்டுவார்கள்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பக்கம், உள்ளே தள்ளி மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். ‘நயினார்’ என்று பெயரோடு சேர்த்துக்கொள்ளும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் வாழ்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ்தான்.

இந்தச் சித்தாமூரைப் பற்றி ஒரு கதை உண்டு. செவிவழியாக வந்த கதை, ஆதாரம் எல்லாம் கேட்காதீங்க. சுமார் 14-ம் நூற்றாண்டில் மதுரையில் நச்சினார்க்கினியர் என்று ஓர் உரையாசிரியர் இருந்தார். அந்தணர், சைவர். தொல்காப்பியத்துக்கே உரை எழுதியவர். திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி எழுதிய ‘சீவக சிந்தாமணி’க்கும் ஓர் உரை எழுதி, சமணப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்க சமயம் தெரியாம எங்க நூலுக்கு எப்படி உரை எழுத முடியும் என்பது அவர்களுடைய கேள்வி. மனுஷன் கோபித்துக்கொண்டு போகவில்லை. நேராகச் சித்தாமூர் மடத்துக்கு வந்தாராம். தன்னைச் சமணராகவே காட்டிக்கொண்டு, மாணவனாக உட்கார்ந்து சமண நூல்களைப் படித்தாராம். அப்புறம் போய் அந்த உரையை முதலிலிருந்து திருத்தி எழுதினாராம்.

உரையாசிரியர்களில் சிகரம்னு பேர் வாங்கின ஒருத்தர், மறுபடியும் ‘ஸ்டூடண்ட்’ ஆகிறார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான்.

இன்னும் சுவாரஸ்யம் என்ன தெரியுமா? சுமார் 500 வருடம் கழித்து, அதே சிந்தாமணியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரும் இதையேதான் செய்தார். அவரை உங்களுக்கு நல்லாத் தெரியும். ஸ்கூல் புக்கில் தலைப்பாகையோடு, வயதான முகத்தோடு பார்த்திருப்பீர்கள். தமிழ்த் தாத்தா, உ.வே.சாமிநாதையர். ஆனால், இந்தக் கதை நடக்கும்போது அவர் தாத்தா இல்லை. வயசு 25.

தாத்தா என்று சொல்லிச் சொல்லியே நாம் அந்த இளைஞரைத் தொலைத்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். கொஞ்ச நேரம் அந்தத் தலைப்பாகைப் படத்தை மறந்துடுங்க.

1855 பிப்ரவரி 19-ல் பிறந்தவர். ஊர், தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்துக்கு அருகில் உத்தமதானபுரம். அப்பா வேங்கட சுப்பையர் சங்கீத வித்துவான், ஊர் ஊராகப் போய் ராமாயணக் கதை சொல்கிறவர். கையில் காசு தங்காத வீடு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பையனுக்குத் தமிழ் மேல் பைத்தியம் பிடித்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை என்று யார் பாடம் சொல்லித் தருவார்களோ அந்த ஊருக்கு மொத்தக் குடும்பமும் இடம் பெயர்ந்தது. பையன் படிப்புக்காக வீட்டை மாற்றுகிற பெற்றோர் இப்ப மட்டும் இல்லை, அப்பவும் இருந்திருக்காங்க!

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்தால் உத்தியோகம், சமஸ்கிருதம் படித்தால் புண்ணியம். தமிழ் படிச்சா என்ன கிடைக்கும் என்று அவரைப் பார்த்துக் கேட்டவர்கள் நிறைய பேர். இன்றைக்கு பி.ஏ. தமிழ் சேருகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி 150 வருடமாக மாறவே இல்லை.

1871 வாக்கில், அன்றைக்குத் தமிழில் மிகப் பெரிய பெயரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாயூரத்தில் போய்ச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயர் சாமிநாதன் என்று நிலைத்தது அங்கேதான். பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். அவருடைய நிழல் மாதிரி கூடவே இருந்து, பாடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதி, 1876-ல் அவர் இறக்கும்போதும் பக்கத்திலேயே இருந்தார். அதன் பிறகு ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் அரவணைத்துக்கொண்டார். 1880-ல் கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. மாதம் 50 ரூபாய் சம்பளம்.

யோசிச்சுப் பாருங்க. 25 வயசு. கவர்ன்மென்ட் காலேஜ் வேலை. தமிழ்நாட்டிலேயே டாப் குருவிடம் படித்த மாணவர். ஆதீனத்தின் ஆசீர்வாதம். லைஃப் செட்டில்! இதற்கு மேல் அவர் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, அவ்வப்போது செய்யுள் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அதைவிடப் பெரிய விஷயம், வேறு பல பெயர்களும் நமக்குத் தெரிந்திருக்காது.

ஒரு முன்சீப் கேட்ட கேள்வி

அந்த வருடம் கும்பகோணத்துக்கு ஒரு புது முன்சீப் மாற்றலாகி வந்தார். சேலம் இராமசாமி முதலியார். தமிழில் ஆர்வமுள்ளவர் என்று கேள்விப்பட்டு சாமிநாதையர் பார்க்கப் போனார். தேதியையே அவர் பிற்பாடு குறித்துவைத்திருக்கிறார்: 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. வாழ்க்கையில் எத்தனை நாளுக்கு நாம் இப்படித் தேதி ஞாபகம் வைத்திருப்போம்?

யாரிடம் படித்தீர்கள் என்று முதலியார் விசாரித்தார். மகாவித்துவான் பெயரைச் சொன்னார். வழக்கமாக அந்தப் பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இவரிடம் பெரிதாக எந்தச் சலனமும் இல்லை. என்னென்ன படித்தீர்கள் என்று அடுத்த கேள்வி. அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் போட்டார் சாமிநாதையர். ஒவ்வொரு வகையிலும் எத்தனை நூல்! முதலியார் அசையவில்லை. சரி என்று பெரிய புராணங்கள், நைடதம், கம்பராமாயணம் என்று கனமான நூல்களுக்குப் போனார். அப்போதும் திருப்தி இல்லை. இதெல்லாம் சரி, இதுக்கெல்லாம் முந்தைய பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா என்று கேட்டார் முதலியார். சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. கையால் தொட்டதுகூட இல்லை.

இந்த இடத்தில் நிறுத்தி நம்மை அங்கே உட்கார வைத்துப் பார்க்கலாம். எதிரில் இருப்பவர் ஒரு கோர்ட் அதிகாரி. தமிழ் அவர் தொழில் இல்லை. நாமோ காலேஜ் வாத்தியார். சிலபஸ்லயே இல்லாததைக் கேட்கிறார் சார் என்று வெளியே வந்து பொருமியிருப்போம். சமணர், பௌத்தர் எழுதினதை நாங்க ஏன் படிக்கணும் என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். உண்மையில் காரணமும் அதுதான். சைவ மடத்துக் கல்வியில் பிற சமய நூல்களுக்கு இடமில்லை. அவர் குரு எதையும் மறைத்தவரல்ல, அள்ளிக் கொடுத்தவர். ஆனால் எவ்வளவு நல்ல வகுப்பறைக்கும் நாலு சுவர் உண்டு. உள்ளேயே இருப்பவருக்கு அந்தச் சுவர் கண்ணில் படாது. வெளியில் இருந்து ஒருத்தர் வந்து தட்டினால்தான் தெரியும்.

அவர் சாக்குச் சொல்லவில்லை. பிரதி கிடைத்தால் படிக்கிறேன் என்றார். முதலியாரும் விடுகிற ஆள் இல்லை. காகிதத்தில் எழுதி வைத்திருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, இதை எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தனக்கே தெரியாத நூலை, கேள்வி கேட்டுத் துளைக்கிற ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும். இதைவிடப் பெரிய எக்ஸாம் உண்டா?

படித்தவருக்குப் புரியவில்லை

பிரதியைப் பிரித்தார். நச்சினார்க்கினியர் உரையும் கூடவே இருந்தது. அப்புறம் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்திருப்பார். முதல் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

கடவுள் வாழ்த்தே புரியவில்லை. அவர் அதுவரை படித்த நூல்களில் விநாயகரோ சிவனோ முருகனோ இருப்பார்கள். இங்கே சித்தர், அருகர் என்று வேறு ஓர் உலகம். சமணர்கள் அருகர், சித்தர், சாது, தர்மம் என்று நான்கிடம் சரணடைகிறவர்கள். இது தெரியாமல் அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்றே விளங்காது. தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தத் தமிழ் யாருடைய வீட்டில் புழங்கியது என்பதும் தெரிய வேண்டும்.

உரையோ இன்னொரு தலைவலி. நச்சினார்க்கினியர் எங்கோ ஒரு பாட்டில் இருக்கும் சொல்லைத் தூக்கி எங்கோ ஒரு பாட்டோடு கோத்துப் பொருள் சொல்லுவார். நடுநடுவே வேறு நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று பெயர் மட்டும் பெரும்பாலும் சொல்ல மாட்டார். அவர் காலத்தில் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். சாமிநாதையருக்கு அந்த வரிகளில் பல, எந்த நூலில் இருக்கின்றன என்றே தெரியாது. லிங்க் எல்லாம் இருக்கு, கிளிக் பண்ணினா எதுவும் திறக்க மாட்டேங்குது என்கிற நிலைமை.

கேட்பதற்குக் குருவும் உயிரோடு இல்லை. அச்சில் இருந்ததோ 1868-ல் போவர் என்ற பாதிரியார் வெளியிட்ட ‘நாமகள் இலம்பகம்’ என்ற முதல் பகுதி மட்டும். மொத்தம் 13 இலம்பகம், 3,000-க்கும் மேற்பட்ட பாடல்.

அப்போதுதான் அவர் காதுக்கு ஒரு செய்தி வந்தது. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்டால் தெரியும் என்று. போனார். போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், கோலம் என்று ஏதோ விசேஷக் களை. என்ன பண்டிகை என்று விசாரித்தார். பண்டிகை இல்லையாம். அந்த வீட்டில் மாதக்கணக்காக ஒரு நூலைப் படித்துவந்தார்களாம். அன்றைக்குத்தான் அது நிறைவு. அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

எந்த நூல்? சீவக சிந்தாமணி.

என்ன சொல்ல! ஊரில் காலேஜ் தமிழ்ப் பண்டிதர் முதல் பாட்டுப் புரியாமல் தவித்துக்கொண்டிருக்கிறார். அதே ஊரில், சில தெரு தள்ளி, காலேஜ் பக்கமே போகாத மனிதர்கள் அதைப் படித்து, பொருள் தெரிந்து, முடித்துப் பூஜையும் போடுகிறார்கள். அவர்களுக்கு அது இலக்கியம்கூட இல்லை. வீட்டில் படிக்கிற புனித நூல்.

அங்கே அவர் உட்கார்ந்தார். சந்திரநாத செட்டியார் முதலான சமண நண்பர்களிடம் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சர்வசாதாரணமாகப் பதில் சொன்னார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் கேட்பார், வீட்டில் வந்து உரையோடு ஒத்துப்பார்ப்பார், முதலியாரிடம் போய்ப் பாடம் சொல்லுவார். முதலியார் கேட்ட கேள்வியோடு மறுபடி சமணர் வீட்டுக்கு. சித்தாமூர் மடத்தில் நச்சினார்க்கினியர் உட்கார்ந்த கதை ஞாபகம் வருதா? இவர் ஒரே ஒரு விஷயத்தில் வேறுபட்டார். வேஷம் போடவில்லை. தலையில் குடுமி, நெற்றியில் திருநீறு, பக்கத்தில் சமணப் பெரியவர்கள் என்று அப்படியே போய் உட்கார்ந்தார்.

சுயமாகப் படிப்பது என்றால் தனியாக ரூமைச் சாத்திக்கொண்டு படிப்பது என்று நாம் நினைக்கிறோம். இவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வகுப்பறையில் இருந்தபோது அவருக்கு ஒரு குரு. வெளியே வந்த பிறகு அவர் கேட்காத ஆளே இல்லை. யாரிடம் எதைக் கேட்பது, கேட்டதில் எதை நம்புவது என்பதைத்தான் அவரே முடிவு பண்ண வேண்டியிருந்தது.

சுவடியில் புள்ளி இருக்காது

இப்போது சுவடி விஷயத்துக்கு வருவோம். இது கொஞ்சம் டெக்னிக்கல். ஆனால் இங்கேதான் அவர் மூளையைப் பார்க்க முடியும்.

பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். ஓலை கிழிந்துவிடும் என்ற பயம். எகரக் குறில், நெடில் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். அதனால் ‘கெடு’வும் ‘கேடு’ம் பார்க்க ஒன்று. நெடிலுக்குப் போடும் காலும் ‘ர’ என்ற எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ‘கர’ என்பதா ‘கா’ என்பதா என்றே சந்தேகம் வரும். பாட்டுக்கும் உரைக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. மேற்கோள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாது. போதாததற்குச் செல்லரித்த ஓட்டை, முறிந்த ஏடு. ஏடு எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் விட்ட வரி வேறு.

ஒரே பாட்டுக்கு நாலு சுவடியில் நாலு பாடம் இருக்கும். எது சரி? எந்த ஆசிரியரும் சொல்லித் தர மாட்டார். பொருள் பார்க்க வேண்டும், யாப்பு பார்க்க வேண்டும், உரையாசிரியர் எந்தப் பாடத்தைக் கண்முன் வைத்து எழுதியிருக்கிறார் என்று துப்பறிய வேண்டும். அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லையா, மற்றப் பாடங்களையும் அடியில் குறித்துவிட வேண்டும். படிக்கிறவன் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும். இந்த ஒழுங்கை அவர் கடைசி வரை விடவில்லை. அவருடைய பதிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இடம் விளங்காத மேற்கோள்களுக்கு அவர் தனியாகப் போட்ட பட்டியல். இவை எந்த நூலில் வருகின்றன என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அச்சிலேயே ஒப்புக்கொள்கிற பண்டிதர்! கூகுளில் முதலில் வந்ததைக் காப்பி பேஸ்ட் செய்து அசைன்மென்ட்டை முடிக்கிற நமக்கு, இது கொஞ்சம் சுளீர்னு படத்தான் செய்யும்.

மேற்கோள்களைத் தேடிக் கிளம்பியவர் திருவாவடுதுறை மடத்துக்கே திரும்பப் போனார். அங்கே ஏட்டுக் கட்டுகளைக் குடைந்தபோது, எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்கள் இருந்த கட்டு கிடைத்தது. எத்தனையோ வருடம் அவர் சாப்பிட்டு, தூங்கி, பாடம் கேட்ட அதே மடம். அந்தக் கட்டு எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. தேட வேண்டும் என்று ஒரு கேள்வி மனசில் விழுந்த பிறகுதான் கண்ணில் பட்டது. நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட வரிகள் ஒவ்வொன்றாக அதில் தென்படத் தொடங்கின.

விட்டுக்கொடுக்கவா, வேண்டாமா?

சிந்தாமணியை அச்சிடுவது என்று முடிவெடுத்தபோது ஒரு சோதனை வந்தது. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர். வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம் என்று பழைய நூல்களை அச்சில் கொண்டுவந்த அனுபவசாலி. அவருக்கும் சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் இருந்தது. சாமிநாதையர் திரட்டி வைத்திருந்த குறிப்புகளையும் பிரதியையும் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டார்.

எதிரில் பட்டம், பணம், அனுபவம் எல்லாம் உள்ளவர். இவரிடம் டிகிரி இல்லை, இங்கிலீஷ் தெரியாது, ஒரு நூலை அச்சிட எவ்வளவு செலவாகும் என்ற கணக்குகூடப் புதுசு. கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. நானே செய்கிறேன் என்று நின்றார். பெரியவரிடம் முடியாது என்று சொல்வதும் சுயமாகச் சிந்திப்பதில் சேர்த்திதான். மரியாதை குறையாமல் சொல்லத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கையில் காசில்லை. புத்தகம் வரும் முன்பே வாங்குவதாகக் கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டினார். இன்றைய பாஷையில் சொன்னால் கிரவுட் ஃபண்டிங். காலேஜ் லீவு விட்டால் சென்னைக்கு ரயில் ஏறி அச்சுக்கூடத்தில் புரூஃப் திருத்தம். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் சைவ மடத்தின் தலைவரான சுப்பிரமணிய தேசிகரே ஏடு கொடுத்து ஆதரித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1887 அக்டோபரில் ‘சீவக சிந்தாமணி’ முழுமையாக, நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. முதலியார் அந்தக் கேள்வியைக் கேட்டு சரியாக ஏழு வருடம். பதிப்பாசிரியருக்கு வயது 32.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கும். 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை... பட்டியல் நீளமானது, விட்டுவிடுகிறேன்.

மணிமேகலையை மட்டும் தாண்டிப் போக மனசில்லை. சிந்தாமணிக்குச் சமணர் வீடு இருந்தது. மணிமேகலை பௌத்த நூல். தமிழ்நாட்டில் போய்க் கேட்க ஒரு பௌத்தர் வீடு கிடையாது. என்ன செய்வது? கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியாரைப் பிடித்தார். அவர் பௌத்தம் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து, பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்லுவார். இவர் அதைக் கேட்டு, மணிமேகலையில் வரும் சொல்லோடு பொருத்திப் பார்ப்பார். லண்டனிலும் ஜெர்மனியிலும் உட்கார்ந்து எழுதிய விஷயம், பாலி தெரியாத, இங்கிலீஷும் தெரியாத ஒரு கும்பகோணத்துப் பண்டிதருக்கு, பழைய தமிழ்ப் பாட்டைத் திறக்கச் சாவியாகிறது. மொழி தெரியலைங்கிறது அவருக்குக் கடைசி வரை ஒரு காரணமாகவே தோன்றவில்லை. தெரிந்தவர் பக்கத்து ஸ்டாஃப் ரூமில் இருக்கிறாரே! அந்தப் பதிப்பில் புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் பற்றித் தமிழ் வாசகர்களுக்காகத் தனியாகவே எழுதிச் சேர்த்தார்.

குருவை அவர் விட்டுவிட்டாரா என்று கேட்கிறீர்களா? கிடையாது. மகாவித்துவானின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதினார், 1930-களில், தனக்கே 80 வயது நெருங்கும்போது. குரு சொல்லித் தராததைத் தேடிப் போனவர்தான், குருவைப் பற்றி யாரும் எழுதாத அளவுக்கு எழுதியும் வைத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றல். 1906-ல் மகாமகோபாத்தியாயப் பட்டம். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் மாணவராக இருந்திராதவருக்கு! 1937-ல் குறுந்தொகையைத் தானே உரை எழுதி வெளியிட்டபோது வயது 82.

1940-ல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடர் ஆரம்பித்தது. முன்சீப்பைப் பார்த்த அந்த வியாழக்கிழமையை, தனக்கு ஒன்றும் தெரியாமல் போன கதையை, துளிகூட மறைக்காமல் அதில் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942-ல் சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. அவரும் திருக்கழுக்குன்றத்துக்குக் கிளம்பினார். கூடவே ஏடுகளும் புத்தகங்களும் போயின. ஏப்ரல் 28-ம் தேதி அங்கேயே இறந்துபோனார். தொடர் 122-வது அத்தியாயத்தோடு, மணிமேகலை வெளிவந்த காலத்துக் கதையோடு நின்றுவிட்டது.